ரோதை முனிக்கு யார் பாட்டுக் கட்டுவது?

மலையகத்தில் பாட்டுக் கட்டும் தம்பி தங்கைகளே,

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை, நுவரெலியா என்று நீங்கள் இருக்கும் ஊர்கள் எல்லாம் நான் நடந்து திரிந்த ஊர்கள். லயத்துக் காம்பராவின் சன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, பக்கத்துக் காம்பராவில் டீவி ஓயும் நேரம் பார்த்து, ஒரு மைக்கையும் ஒரு போனையும் வைத்துக்கொண்டு நீங்கள் பாட்டு ரெக்கோர்ட் செய்வது எனக்குத் தெரியும். சங்கீத டீச்சர் இல்லாத தோட்டத்து ஸ்கூலில் படித்துவிட்டு, தானாகவே கீபோர்ட் பழகியவர்கள் உங்களில் பலர். உங்கள் பாட்டுகளைத் தேடித் தேடிக் கேட்கிறவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

உங்கள் பாட்டுகளில் காதல் நிறைய இருக்கிறது. துயரமும் நிறைய இருக்கிறது: அட்டைக்கடி, கூடைப் பாரம், போதாத சம்பளம், ஒழுகும் தகரம். இரண்டும் வேண்டியவைதான். ஆனால் பொழுது சாய்ந்ததும் நம் லயங்களில் தலைமுறை தலைமுறையாகப் பேசப்பட்டு வரும் வேறொரு உலகம் உண்டு. முனி நடக்கிற பாதை, பீலிக்கரையில் நிற்கும் மோகினி, எரிந்து மறுபடி எழும்புகிற காமன், தப்பு அடித்தால் வந்து இறங்குகிற சாமி. அந்த உலகத்தை உங்கள் பாட்டுகளில் நான் அபூர்வமாகத்தான் கேட்கிறேன். யாராவது பேய்ப்பாட்டு என்று ஒன்று போட்டால் அதில் ஓநாய் ஊளையிடுகிறது, சர்ச் மணி அடிக்கிறது. நம் மலைகளில் ஓநாயே கிடையாது.

நான் சொல்ல வருவது இதுதான். நம் முன்னோர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த புராணத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடவில்லை. இங்கே கண்ட மெஷினுக்கும் கத்திக்கும் காட்டுக்கும் புதுச் சாமிகளையும் புதுக் கதைகளையும் உண்டாக்கினார்கள். அந்த வேலை பாதியில் நிற்கிறது. அதைப் பாட்டில் தொடரக்கூடியவர்கள் நீங்கள்தான்.

ரோதை முனியை எடுத்துக்கொள்ளுங்கள். தேயிலை ஸ்டோரில் ரோதை என்கிற பெரிய சக்கரம் சுழல்கிறது. கொழுந்தை உருட்டும் மெஷினுக்குள் விரல் போனால் கையே போய்விடும். திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் சேலத்திலும் ஏர் ஓட்டிய மனிதர்கள் அப்படியொரு சக்கரத்தை அதற்கு முன் கண்டதில்லை. ஊரில் எல்லையைக் காத்த முனியைக் கூப்பிட்டார்கள், ஸ்டோருக்குள் கொண்டுபோய் ரோதைக்குக் காவலாக நிறுத்தினார்கள். சுருட்டும் சாராயமும் சேவலும் வைத்துக் கும்பிட்டார்கள். துரைமார் கப்பலில் இறக்கிய இரும்புக்குள் நம் முனி குடியேறியது இப்படித்தான். அதற்குப் பிறகு அந்த மெஷின் துரைக்கு மட்டும் சொந்தமான மெஷினாக இருக்கவில்லை என்பது என் எண்ணம்.

கவ்வாத்துச் சாமியும் அப்படி இங்கேயே பிறந்த சாமி. தேயிலைச் செடியைச் சில வருஷங்களுக்கு ஒருமுறை கிளை கிளையாக வெட்டிக் குறைக்க வேண்டும், அதுதான் கவ்வாத்து. கத்தி வழுக்கினால் கால் போகும். அதனால் அந்த மலையில் முதல் வெட்டு விழும் முன்பு ஒரு செடியடியில் கல்லை வைத்து, மஞ்சள் பூசி, தேங்காய் உடைத்து, கத்திகளை முன்னால் கிடத்திக் கும்பிட்டார்கள். வேலை ஆபத்தானது என்பதைத் துரையிடம் வாய் திறந்து சொல்ல முடியாத காலத்தில், சாமியிடம் சொன்னார்கள்.

இந்தச் சாமிகளுக்குத் தேவாரம் இல்லை, ஸ்தல புராணம் இல்லை, திருப்புகழ் இல்லை. கதிர்காமத்து முருகனுக்கும் மாத்தளை முத்துமாரிக்கும் பாட்டுகள் குவிந்து கிடக்கின்றன. ரோதை முனிக்கு ஒரு முழுப் பாட்டு வேண்டும். உருளை மெஷின் சுற்றும்போது ஒரு தாளம் விழும், ஒரு சுற்றுக்கு ஒரு முக்கல், ஒரு முனகல். ஸ்டோரில் நைட் வேலை செய்த உங்கள் மாமாவையோ சித்தப்பாவையோ கேளுங்கள், வாயாலேயே அடித்துக் காட்டுவார். அந்தத் தாளத்தின் மேல் ராப் உட்காரும், வர்ணிப்பும் உட்காரும்.

இனி காமன். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மிடம் இருக்கும் பெரிய இசைச் சொத்து இதுதான்.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரியும்போது காமன் பொட்டலில் கம்பம் நடுவார்கள். காப்புக் கட்டிக்கொண்டவர்கள் விரதம் இருப்பார்கள். இரவுக்கு இரவு தப்பு முழங்கும், கம்பத்தைச் சுற்றி ஆடுவார்கள். பௌர்ணமியை ஒட்டிய இரவில் கூத்து விடிய விடிய நடக்கும். இரதியும் மன்மதனும் வேஷம் கட்டி லயம் லயமாக வருவார்கள். தூதன் வருவான், வீரபுத்திரன் வருவான், எமன் வருவான், குறவனும் குறத்தியும் வருவார்கள். விடியும் தறுவாயில் காமன் எரிவான். மூன்றாம் நாள் அவனை உயிர் எழுப்புவார்கள்.

கதை உங்களுக்குத் தெரியும். சிவன் தவத்தில் இருக்கிறார். தேவர்களுக்கு அவருடைய தவம் கலைய வேண்டும். அதைச் செய்யும் ஆபத்தான வேலைக்கு மன்மதனைக் கூப்பிடுகிறார்கள். ஓலை வருகிறது. இரதி கெட்ட கனவு கண்டதைச் சொல்லித் தடுக்கிறாள், வாதாடுகிறாள். அவன் போகிறான், பூ அம்பை விடுகிறான், நெற்றிக்கண் திறக்கிறது, சாம்பலாகிறான்.

இந்தக் கதையை நம் ஆட்கள் ஏன் இத்தனை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள் என்று நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். மேலிடத்திலிருந்து ஓர் ஓலை வருகிறது. போனால் உயிர் போகும், போகாமல் இருக்கவும் முடியாது. பெண்சாதி வாசலில் நின்று மறிக்கிறாள். இது இந்திரலோகத்துக் கதை மட்டும்தானா? தோட்டத்துக்குத் தோட்டம் நம் ஆட்களைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றிய துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. கையில் துண்டோடு மலை ஏறியவர்களின் பிள்ளைகள் பொட்டலில் உட்கார்ந்து, ஓலைத் தூதன் குதித்து வருவதைப் பார்த்தபோது என்ன நினைத்திருப்பார்கள் என்பதை ஊகிக்க எனக்குப் பெரிய ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

தமிழ்நாட்டிலும் காமன் பண்டிகை உண்டு. தஞ்சைப் பக்கம் லாவணிக்காரர்கள் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டாகப் பிரிந்து, மன்மதன் எரிந்தானா இல்லையா என்று டேப் அடித்துப் பாடி வாதாடுவார்கள். கேட்கக் கேட்க இனிக்கும் வாதம் அது. நம் மலையில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. எரிந்தான் என்பதில் இங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை. அவன் எழும்ப வேண்டும் என்பதில்தான் ஊரே நின்றது.

தலைமன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்தவர்களில் காலராவிலும் காய்ச்சலிலும் பாதையோரத்தில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். 2023இல், நம் மக்கள் வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் அதே வழியை நடந்தார்களே, உங்களில் சிலரும் நடந்திருப்பீர்கள். விழுந்தவர்களுக்கு முறையான கருமாதிகூட நடந்திருக்காது. அப்படி வந்தவர்கள் இங்கே ஊன்றி வைத்த கூத்துகளைப் பாருங்கள். காமன் கூத்தில் செத்தவன் எழும்புகிறான். பொன்னர் சங்கரில் படுகளத்தில் விழுந்த அண்ணன்மாரைத் தங்கச்சி எழுப்புகிறாள். அருச்சுனன் தபசில் ஒரு மனிதன் உயர்ந்த கம்பத்தில் தனியாக ஏறி, சாமியிடம் ஆயுதம் வாங்கிக்கொண்டு திரும்புகிறான். தமிழில் ஆயிரம் கதைகள் இருந்தன. சாவிலிருந்தும் தனிமையிலிருந்தும் திரும்பி வருகிற கதைகளை நம் ஆட்கள் மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

அதனால்தான் நம்மைப் பற்றிய பாட்டு என்றாலே முகாரி மாதிரி இழுக்கும் வயலின் ஒன்றைப் பின்னால் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. காமன் கூத்தில் அழுகை இருக்கிறது, ஆனால் அழுகையோடு ஆட்டம் நிற்பதில்லை. எமன் வந்தால் பிள்ளைகள் அலறி ஓடும், குறவன் குறத்தி வந்தால் கிழவிகள் விழுந்து சிரிப்பார்கள். ஒரே இரவில் பயம், சரசம், சிரிப்பு, சாவு, எல்லாம் வரும். மூன்று நிமிஷப் பாட்டுக்குள்ளும் இவ்வளவையும் கொண்டுவரலாம்.

இரதியின் புலம்பலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காலங்காலமாக இரதி வேஷம் கட்டியது ஆம்பிளைகள். ஆனால் அவர்கள் பாடுகிற புலம்பல் பெண்களுடையது. லயத்து வாசலில் சாவு விழுந்தால் நம் அம்மாமார் தோளோடு தோள் கோத்து வைக்கிற ஒப்பாரியின் இழுப்பும் மூச்சும் அந்தப் புலம்பலுக்குள் கிடக்கிறது. இரதி அழும்போது சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்கள் மன்மதனுக்காக மட்டும் அழுவதில்லை. கொழுந்து மலையில் பாம்பு கடித்துப் போன தங்கச்சிக்கும், சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்த 1964க்குப் பிறகு இந்தியாவுக்குக் கப்பலேறிப் போய் ஒரு கடுதாசிகூட வராமல் போன அண்ணனுக்கும் சேர்த்துத்தான் அழுகிறார்கள். தங்கைகளே, அந்தப் புலம்பலைப் பாட உங்களுக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அது முதலில் உங்கள் பாட்டிமாரிடம் இருந்ததுதான். ஒரு பெண் இரதியாக நின்று, தடுத்தும் கேளாமல் போன மன்மதனிடம் கோபமாகக் கேள்வி கேட்கிற பாட்டு ஒன்றை நான் கேட்க விரும்புகிறேன். உயிர் பெற்ற பிறகும் அவன் இரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான் என்பது வரம். உலகத்துக்குத் தெரியாத ஒருவனோடு குடும்பம் நடத்துகிற பெண்! வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவர்களோடு போனில் மட்டும் குடும்பம் நடத்துகிற எத்தனை பேர் நம் லயங்களில் இருக்கிறார்கள். இதைவிட விசித்திரமான, இதைவிட இன்றைய பாட்டுப் பொருள் எங்கே கிடைக்கும்?

அடுத்தது தப்பு.

விடிய முன் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, ஆள் எழுப்பியது தப்பு. ராத்திரி சாமியை எழுப்பியதும் அதே தப்பு. துரையின் வேலைக்கும் நம்முடைய சாமிக்கும் ஒரே தோல் முழங்கியது என்பதை நினைத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கும். காமனுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி, சாமி வரவழைக்க ஓர் அடி. காது பழகியவர்கள் எதிர்மலையில் நின்றே எந்த வீட்டில் என்ன காரியம் என்று சொல்லிவிடுவார்கள்.

இந்தத் தப்பை நீங்கள் இப்போது பாட்டுகளில் சேர்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் பெரும்பாலும் எங்கிருந்தோ எடுத்த நாலு மாத்திரைத் துண்டு ஒன்றை வெட்டி ஒட்டி, பாட்டு முடியும்வரை சுற்றவிடுகிறீர்கள். தப்பு அப்படி அடிப்பதில்லை. ஆடுகிறவனின் காலைப் பார்த்து அடிப்பது. வீரபுத்திரன் இறங்கும்போது அடி நெருங்கும், இரதி விழும்போது அடி தளரும். கம்ப்யூட்டரின் டிக்டிக்கோடு கட்டிப்போட்டால் அதன் உயிர் போய்விடும். முதலில் தப்பைத் தனியாக, ஆடுகிறவரை முன்னால் நிறுத்தி, ரெக்கோர்ட் செய்யுங்கள். மற்ற வாத்தியங்களை அதன் மேல் ஏற்றுங்கள். இன்னொன்று, நம் குளிரிலும் மழையிலும் தோல் தொய்ந்துவிடும். கவ்வாத்தில் வெட்டிய மிலாறு போட்டுத் தீ மூட்டி, அடிக்கடி காட்டிக் காய வைத்தால்தான் சுதி ஏறும். காய்ந்த தோலுக்கு ஒரு சத்தம், அரை மணியில் பனி குடித்த தோலுக்கு வேறு சத்தம். அந்த வித்தியாசத்தைச் சரிப்படுத்தாதீர்கள். கேட்கிறவன் காதில் மலையே வந்து நிற்கும். ஒப்பாரிக்கும் இதையே சொல்வேன். குரலைச் சுருதிக்குள் நெட்டித் தள்ளுகிற கருவியைப் போட்டால் இரண்டு சுரத்துக்கு நடுவே கிடக்கிற அந்த நடுக்கம் செத்துப்போகும்.

கசப்பான ஒன்றையும் பேசாமல் தப்பைப் பற்றிப் பேச முடியாது. தப்பு அடிப்பதை ஒரு சாதியின் தலையில் கட்டி, சாவு வீட்டில் கடைசியில் நிறுத்தி, சாராயத்தைக் கையில் ஊற்றி அனுப்பிய சமூகம் நம்முடையது. அந்த அவமானம் வேண்டாம் என்று தப்பைத் தூக்கிப் போட்ட குடும்பங்கள் உண்டு. அவர்கள் செய்தது நியாயம். கலை அழியக்கூடாது என்பதற்காக அவர்கள் பிள்ளைகளைத் திரும்பவும் அடிக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும், கற்றுக்கொடுப்பவரை வாத்தியார் என்று கூப்பிட வேண்டும். தமிழ்நாட்டில் இந்த மாற்றம் நடந்திருக்கிறது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள், அங்கே பறை என்று சொல்லும் தப்பைத் தோளில் மாட்டி மேடை ஏறினார்கள். பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். நம் தோட்டங்களில் ஐம்பது வருஷம் காமனுக்குத் தப்பு அடித்தவர்களின் பெயரைத் தோட்டத்துக்கு வெளியே யார் அறிவார்கள்? பாட்டின் கீழே நடித்தவர், எடிட் செய்தவர், ட்ரோன் பறக்கவிட்டவர் வரைக்கும் பெயர் போடுகிறீர்கள். தப்பு அடித்தவரின் பெயரையும் ஊரையும் முதல் வரியில் போடுங்கள். பாடியவருக்குக் கொடுக்கும் காசை அவருக்கும் கொடுங்கள்.

பழைய கதைகளைப் புதுச் சத்தத்தில் பாடினால் யார் கேட்பார்கள் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அதற்குத் துரைமாரின் ஊரிலேயே பதில் இருக்கிறது. நம் தோட்டங்களைத் திறந்த துரைமாரில் எத்தனையோ பேர் ஸ்கொட்லாந்துக்காரர்கள். 1867இல் லூல்கந்துரையில் முதன்முதலாக வியாபாரத்துக்குத் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரும் அங்கிருந்து வந்தவர்தான். தங்கள் ஊர்ப் பெயர்களை நம் மலைகளுக்கு வைத்தார்கள். பூண்டுலோயாவில் டன்சினேன் தோட்டம் இருக்கிறதே, அது மெக்பெத் நாடகத்தில் சூனியக்காரிகளின் வாக்குப் பலித்த மலையின் பெயர். ஸ்கொட்லாந்தின் எல்லைப்புறத்தில் டாம் லின் என்று ஒரு பழைய கதைப்பாட்டு உண்டு. மோகினிகளின் ராணி பிடித்து வைத்திருக்கும் ஒருவனை அவனுடைய காதலி மீட்கிறாள். அவள் பிடித்திருக்கும்போதே அவன் பாம்பாகிறான், மிருகமாகிறான், காய்ச்சிய இரும்பாகிறான். அவள் கையை விடவில்லை, கடைசியில் மனிதனாகிறான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இப்படிப்பட்ட 305 கதைப்பாட்டுகளைத் தொகுத்து அச்சிட்டார். புத்தகத்தில் கிடந்த டாம் லினை 1969இல் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற இளைஞர் குழு எலக்ட்ரிக் கித்தாரும் டிரம்ஸும் வைத்துப் பாடியது. சாண்டி டெனி என்ற பெண் பாடினாள். இன்றைக்கும் உலகம் அதைக் கேட்கிறது. துரைமாரின் ஊர் மோகினிக்குக் கித்தார் கிடைத்துவிட்டது. இரதிக்கு இன்னும் கிடைக்கவில்லை.

பக்கத்து வீட்டையும் பாருங்கள். தினேஷ் சுபசிங்க என்ற சிங்கள இசைக் கலைஞர், இராவணன் பெயரால் வழங்கும் ராவணஹத்தா என்ற வில் வாத்தியத்தைக் கையில் எடுத்து, அதற்கென்றே இசை அமைத்தார். இராவணன் கதை நடந்த மலை என்று நாமும்தான் சொல்லிக்கொள்கிறோம். சீதாஎலிய ஓடைக்குப் பக்கத்தில் அனுமார் பாதம் பார்க்க பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருகிறார்கள். அந்த ஓடையின் சத்தத்தை ஒரு பாட்டில் நான் கேட்டதில்லை.

இதற்கெல்லாம் மேலாக, நம்முடைய லயத்திலிருந்தே புறப்பட்ட ஒரு பாட்டு உலகத்தைச் சுற்றிவிட்டது. 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’. தீ, அறிவு என்ற இரண்டு பாடகர்கள் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்தது. அதை எழுதிய அறிவு, தன் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர் என்று வெளிப்படையாகச் சொன்னவர். பாட்டுக்குள் ஒப்பாரி இருக்கிறது, காடும் பூச்சியும் பறவையும் பாட்டனும் பாட்டியும் இருக்கிறார்கள். அந்தப் பாட்டி எங்கே கொழுந்து பறித்தார்? நம்முடைய மலையில். நாடு கடத்தப்பட்ட தலைமுறையின் பேரன் தமிழ்நாட்டிலிருந்து அதைப் பாடுகிறான். இங்கேயே இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நீங்கள். அதே வருஷம் ஒரு பத்திரிகை அட்டையில் அறிவின் படம் இல்லாமல் போனது பெரிய சர்ச்சையானதும் உங்களுக்கு நினைவிருக்கும். பெயரைப் பற்றி நான் மேலே அழுத்திச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு பெண்ணையும் உங்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டும். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவி மீனாட்சி அம்மாள். தொழிற்சங்கக் கூட்டங்களில் பேச்சுக்கு முன் அவர் பாடுவார். ஊருக்குத் தெரிந்த மெட்டில் தோட்டத்து நியாயத்தை வைத்துப் பாடுவார், கூட்டம் சேரும். அவருடைய பாட்டுகள் 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற சிறு புத்தகமாக வந்தன. அதே 1940 ஜனவரியில்தான் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் போலீசாரால் சுடப்பட்டான். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் காணி பறிபோகாமல் காக்க நின்ற சிவனு லெட்சுமணன் சுடப்பட்டான். தெற்குத் தமிழ்நாட்டில் இப்படி அநியாயமாகக் கொல்லப்பட்டவர்கள் கதைப்பாட்டில் ஏறி, வில்லுப்பாட்டில் வளர்ந்து, பீடத்தில் சாமியாக நிற்கிறார்கள். காத்தவராயனும் மதுரை வீரனும் அப்படித்தானே நமக்குச் சாமியானார்கள். கோவிந்தனும் லெட்சுமணனும் நம் பொட்டலில் வேஷமாக வந்து இறங்கும் ஒரு கதைப்பாட்டைக் கட்டுங்கள். நினைவு நாளில் மாலை போட்டால் மட்டும் போதாது.

மஸ்கெலியாப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் பழைய டவுன் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. வறட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயில் மேலே வருகிறது. ஆட்கள் போய்ப் பார்த்துப் போட்டோ எடுத்து வருகிறார்கள். தண்ணீருக்கு அடியில் ஒரு கோயில், வருஷம் பார்த்து எழும்புகிற ஒரு கோயில்! மூழ்கிய தெருவில் இப்போது யார் நடக்கிறார்கள், அந்தக் கோயில் மணியை யார் அடிக்கிறார்கள் என்று உங்கள் பாட்டி ஏதாவது சொல்லியிருப்பார். சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். ரோதை முனியைக் கற்பனை செய்தவர்களும் உங்களைப் போன்ற மனிதர்கள்தான்.

இது மூடநம்பிக்கையை வளர்க்கிற வேலை என்று சிலர் உங்களிடம் சொல்வார்கள். என்னிடமும் சொல்லியிருக்கிறார்கள், அவர்கள் நல்லவர்கள்தான். காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் கயிறு கட்டச் சொல்லும் பாட்டு வேண்டாம், அதை நானும் எதிர்ப்பேன். ஆனால் முனியின் கதையைப் பாடுவது வேறு. மெஷினுக்கு முன்னால் ஒரு தொழிலாளிக்கு வந்த நடுக்கத்தை எந்தக் கம்பெனி ரிப்போர்ட்டும் எழுதி வைக்கவில்லை. ரோதை முனி என்ற பெயருக்குள் அந்த நடுக்கம் பத்திரமாக இருக்கிறது. அதை எறிந்துவிட்டால் அவர்களுக்குப் பயமே இருந்ததில்லை என்று ஆகிவிடும். மறுபக்கம், கோயில் கமிட்டிகளில் சிலர் முனிக்கும் மாடசாமிக்கும் பெயர் மாற்றி, கிடாவை நிறுத்தி, தப்பை வெளியே நிறுத்தி, எல்லாவற்றையும் பெரிய கோயில் மாதிரி ஆக்கப் பார்க்கிறார்கள். அவர்களோடு சண்டை போட வேண்டாம். பாட்டைப் போடுங்கள். பிள்ளைகள் வாயில் பாட்டு ஏறிவிட்டால் சாமியின் பெயரை யாரும் மாற்ற முடியாது.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், புத்தகமும் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். மடக்கொம்பரையில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டம் தோட்டமாகக் கேட்டுச் சேர்த்ததை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று தந்துவிட்டுப் போனார். சாரல் நாடனும் மு. சிவலிங்கமும் நம் வாய்மொழிப் பாட்டுகளைப் பற்றி எழுதினார்கள். மாத்தளை வடிவேலன் நம் கூத்துகளைப் பற்றி எழுதினார். நூலகம் இணைய நூலகத்தில் மலையகப் புத்தகங்கள் பலவற்றைக் காசில்லாமல் போனிலேயே வாசிக்கலாம். ஆனால் புத்தகத்தில் சொல் மட்டும்தான் இருக்கிறது, மெட்டு இல்லை. மெட்டு இருப்பது எழுபது, எண்பது வயதானவர்களின் தொண்டையில். பொன்னர் சங்கர் கதையை 1965இல் கொங்கு நாட்டில் இரவு இரவாக உட்கார்ந்து டேப்பில் பிடித்தவர் பிரெண்டா பெக் என்ற வெளிநாட்டுப் பெண். அந்தக் கதை பிறகு கார்ட்டூன் படத் தொடராகக்கூட வந்தது. நம் தோட்டங்களில் பாடப்படும் பொன்னர் சங்கருக்கு அப்படி ஒருவர் வெளியிலிருந்து வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, உங்கள் சட்டைப் பையிலேயே ரெக்கோர்டர் இருக்கிறது.

மாசி வருகிறது. பொட்டலில் கம்பம் நடுகிற தோட்டத்துக்குப் போங்கள். பௌர்ணமி இரவுக்கு மட்டும் போனால் கூட்டத்தில் ஒன்றும் கேட்காது. மூன்றாம் பிறையிலிருந்தே போங்கள், முதல் இரவுகளில் வாத்தியாருக்குப் பேச நேரம் இருக்கும். அவர் வீட்டில் கைப்பட எழுதிய நோட்டுப் புத்தகம் இருக்கும், ஓரம் கறையான் அரித்திருக்கும். அனுமதி கேட்டு ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து, ஒரு பிரதியை அச்செடுத்து அவர் குடும்பத்திடம் கொடுத்துவிடுங்கள். உயிர் எழுப்பும் பாட்டைப் பொட்டலுக்கு வெளியே பாடக்கூடாது என்று அவர் சொன்னால் அதைப் பாடாதீர்கள், யூடியூபில் போடாதீர்கள். அதன் தாளத்தைக் கற்றுக்கொண்டு உங்கள் சொந்தச் சொல்லை வையுங்கள். வீட்டில் பாட்டியிடம் தாலாட்டைக் கேட்கும்போது கேமராவைத் திருப்பாதீர்கள், வெட்கப்பட்டு நிறுத்திவிடுவார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுப்பு வேலையில் கூடமாட நின்றபடி கேளுங்கள். ரெக்கோர்ட் ஓடுகிறது என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து உங்கள் அக்கா ஒருத்தி